பேங்க்லயும் லாக், எக்ஸ்சேஞ்ச்லயும் லாக்: எங்கிட்டுப் போறது?

மண்டபம்_தென்கடல் | மே 4, இரவு 9:12

அண்ணன்மாரு, அக்காமாரு எல்லாருக்கும் வணக்கம். விசயம் கொஞ்சம் பெருசு, பொறுத்துப் படிங்க.

துபாய்ல இருக்குற மச்சான் எனக்குத் தர வேண்டிய காசை யூஎஸ்டிடியா, அதான் டாலர் மதிப்புல இருக்குற கிரிப்டோ காயினா, அனுப்புவாரு. டிரான்ங்கிற பிளாக்செயின் நெட்வொர்க் வழியா. நான் ஒரு வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச்ல வாங்கி, பி2பியில, அதாவது எக்ஸ்சேஞ்ச் தளத்துல நேரா இன்னொரு ஆளுக்கு, வித்து, ரூபாயா பேங்க்ல எடுத்துக்குவேன். போன மாசம் 46,000 ரூபாய்க்கு வித்தேன். காசு வந்துச்சு, காயினை ரிலீஸ் பண்ணேன், முடிஞ்சுச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு ஏடிஎம்ல காசு வரல. பேங்க்ல போய்க் கேட்டா, வேற மாநிலத்து சைபர் கிரைம்ல இருந்து லெட்டர் வந்திருக்கு, மொத்தக் கணக்கும் டெபிட் ஃப்ரீஸ், காசு எடுக்க முடியாதுன்னு மேனேஜர் சொல்றாக. சரி, எக்ஸ்சேஞ்ச்ல மிச்சம் கிடக்குறதையாவது மச்சானுக்கே திருப்பி விடுவோம்னு பார்த்தா அங்கயும் பூட்டு. "உங்கள் கணக்கு பரிசீலனையில் உள்ளது"ன்னு ஒரே வரி. காரணம் கேட்டா அதே வரி திரும்ப வருது.

பேங்க்ல நிக்கிறது 3 லட்சத்துச் சொச்சம். அதுல பெரும்பகுதி நண்டு கம்பெனி போட்ட காசு, காயினுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தடைக்காலம் ஜூன் 14 முடியுது. படகைக் கரையேத்தி எஞ்சினைப் பிரிச்சுப் போட்டாச்சு, மெக்கானிக்குக்குக் கொடுக்கக் கையில ஒண்ணும் இல்ல. முதல்ல எங்கிட்டுப் போகணும்?

பாம்பன்_பாலன் | மே 4, இரவு 9:40

காசை உள்ள போடும்போது ஒரு கேள்வி கேட்க மாட்டான். வெளிய எடுக்கும்போது உன் பாட்டன் பேரைக் கேட்பான். ஏஎம்எல், பணமோசடித் தடுப்புன்னு ஒரு பேர் வச்சுக்கிட்டு நம்ம காசை வச்சு ஓட்டுறானுக. அம்புட்டுத்தான்.

உச்சிப்புளி_வங்கி | மே 4, இரவு 10:25

தம்பி, ரெண்டு பூட்டையும் ஒண்ணாப் பார்க்காதீங்க. போட்ட ஆள் வேற, சாவி இருக்கிற இடமும் வேற. நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள், வங்கிப் பக்கம் மட்டும் சொல்றேன்.

எங்கேயோ ஒருத்தர் ஏமாந்து சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் பண்ணியிருப்பார், இல்லைன்னா சைபர் கிரைம் தளத்தில் புகார் போட்டிருப்பார். அவர் பணம் எந்தக் கணக்குக்குப் போச்சோ அது முதல் லேயர். அங்கிருந்து பிரிஞ்சு போன கணக்குகள் ரெண்டாவது லேயர், அப்புறம் மூணாவது. பணம் போன வழியெல்லாம் ஒவ்வொரு வங்கியும் லியன், அதாவது அந்தத் தொகையை எடுக்க முடியாதபடி பிடித்தம், போட்டுக்கிட்டே வரும். நீங்க எத்தனாவது லேயர்ல நிக்கிறீங்கன்னு பார்க்கணும். புகார் ஒப்புகை எண், லியன் தொகை, கடிதம் அனுப்பிய காவல் நிலையம், விசாரணை அதிகாரியோட மெயில், இவ்வளவும் கிளையில் இருக்கும். வாயால கேட்டா "மேலிடம்"னு சொல்லி அனுப்பிடுவாங்க. ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் கொடுத்து, நகல்ல சீல் வாங்கிட்டு வாங்க.

இன்னொண்ணு. உங்ககிட்ட காயின் வாங்கினவர் பேரும், உங்க கணக்குக்குக் காசு போட்டவர் பேரும் ஒண்ணா?

மண்டபம்_தென்கடல் | மே 4, இரவு 10:31

வேற வேற அக்கா. தம்பி போன்ல இருந்து போடுறேன்னு சாட்ல சொன்னான்.

உச்சிப்புளி_வங்கி | மே 4, இரவு 10:38

அதேதான். அந்த "தம்பி" யாருன்னு அவனுக்கே தெரியாது. ஏமாற்றுக்காரன் ஒருத்தரை நம்ப வைத்து, உங்க யூபிஐக்கு நேரா காசு போட வைத்திருப்பான். காயின் அவனுக்கு, திருட்டுப் பணம் உங்க கணக்குக்கு. அப்படி இருந்தா நீங்க மூணாவது லேயர்கூட இல்லை, முதல் லேயர். சாட்டை அழிச்சிடாதீங்க, இப்பவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க.

கீழக்கரை_காக்கா | மே 5, காலை 6:50

சுபுஹ் முடிச்சு உட்கார்ந்து வாசிச்சேன். துபாய் தேராவுல காசு அனுப்புற எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் கவுண்டர்ல ரொம்பக் காலம் இருந்தவன் நான், கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நம்ம கரையில உண்டியல் தெரியாத வீடு கிடையாது. அங்க திர்ஹம் கொடுத்தா இங்க உம்மா கையில ரூபா வந்துரும், ரசீதும் இல்ல, வரிசையும் இல்ல. அது ஃபெமாங்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்துல குத்தம், அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா ஒண்ணு. உண்டியல்காரனை நமக்குத் தெரியும், அவன் வாப்பாவைத் தெரியும், எந்தத் தெருன்னு தெரியும். அவன் கொண்டாந்து கொடுத்த நோட்டுல போலீஸ் ஏதாவது சொன்னா நேரா அவன் வீட்டு வாசல்ல போய் நிக்கலாம். இந்தப் பி2பி அதே வேலையைத்தான் செய்யுது, ஆள் முகத்தை மட்டும் எடுத்துட்டாக. அங்கிட்டு இருக்கிறவன் ஜார்க்கண்டா, கம்போடியாவா, உனக்குத் தெரியாது. ஆனா காசு வந்தது மட்டும் உன் பேர்ல, உன் பேன் நம்பர்ல, உன் பேங்க்ல. சாட்சி பூரா உன் பக்கமே நிக்குது.

பாலன் தம்பி, காசை வச்சு ஓட்டுறான்னு சொன்னீரு. சிலவன் செய்வான், இல்லங்கல. 2022 மார்ச்சுல பணமோசடியைக் கண்காணிக்கிற எஃப்ஏடிஎஃப்ங்கிற உலக அமைப்பு எமிரேட்ஸை கிரே லிஸ்ட்ங்கிற கண்காணிப்புப் பட்டியல்ல போட்டுச்சு. 2024 பிப்ரவரியிலதான் எடுத்துச்சு. அந்தக் காலத்துல எங்க கவுண்டர்ல பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சம்பள நாளுல லேபர் கேம்ப் பிள்ளைக வரிசையில நிக்கும், ஒவ்வொருத்தன்கிட்டயும் "எங்க வேலை, சம்பளம் எவ்வளவு, யாருக்கு அனுப்புற, ஏன் இந்த மாசம் ஜாஸ்தி"ன்னு கேட்கணும். கேட்காம விட்டா என் வேலை போகும், கம்பெனி லைசென்ஸ் போகும். அந்தப் பிள்ளைக எங்களைத்தான் ஏசுவாக. சட்டம் போட்டவன் வரிசையில நிக்க மாட்டான்ல.

மச்சானை பேங்க் வழியாவே அனுப்பச் சொல்லுங்க தம்பி. அந்த ரெண்டு மூணு திர்ஹத்துல என்ன மிச்சம் பிடிச்சீங்க?

பாம்பன்_பாலன் | மே 5, காலை 8:15

காக்கா, உங்க அனுபவத்துக்கு மரியாதை. ஆனா நான் கேட்கிறது வேற.

பைனான்ஸ்ங்கிற (Binance) பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்காரன் 2023 நவம்பர்ல அமெரிக்காவுல பணமோசடித் தடுப்புச் சட்டத்தை மீறினோம்னு குத்தத்தை ஒத்துக்கிட்டான். 4.3 பில்லியன் டாலர் கட்ட ஒத்துக்கிட்டான், தலைவர் 4 மாசம் உள்ள இருந்துட்டு வந்தாரு. நம்ம ஊர்ல எஃப்ஐயூங்கிற அரசோட நிதி உளவுப் பிரிவு 2024 ஜூன்ல அவனுக்கு 18.82 கோடி அபராதம் போட்டுச்சு. பைபிட்ங்கிற இன்னொரு எக்ஸ்சேஞ்சுக்கு 2025 ஜனவரியில 9.27 கோடி. கட்டினான், பதிவு பண்ணான், கடையைத் திறந்தான். அபராதம் கட்டி வெளிய வர அவனுக்கு வழி இருக்கு. மண்டபத்துக்காரனுக்கு 46,000 ரூபாய்க்கு 3 லட்சத்தைப் பூட்டுறாக, அபராதம் எவ்வளவுன்னு சொன்னாக்கூட கட்டிட்டுப் போயிருவான், அதையும் சொல்ல மாட்டாக.

இது இரட்டைமடி வலை மாதிரிதான். அடியோட அரிச்சு எல்லாத்தையும் அள்ளுறது. நம்ம கடல்ல அந்த வலைக்குத் தடை போட்டாக, இங்க அதையே சட்டம்னு போட்டு வச்சிருக்காக.

செயின்_துப்பு | மே 5, காலை 11:02

நான் பெரியபட்டினம், இப்ப பெங்களூர்ல இந்த வேலையேதான். எக்ஸ்சேஞ்ச் பக்கம் என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

முதல்ல, பதில் சொல்லாம இருக்கிறதுக்குக் காரணம் திமிர் மட்டும் இல்ல. 2023 மார்ச் 7-ஆம் தேதி அறிவிக்கையில இருந்து இந்தியாவுல கிரிப்டோ சேவை கொடுக்கிறவங்க எல்லாரும் பிஎம்எல்ஏங்கிற பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள்ள வந்துட்டாங்க. கேஒய்சி எடுக்கணும், பதிவேடு வைக்கணும், சந்தேகம் வந்தா எஃப்ஐயூவுக்கு அறிக்கை கொடுக்கணும். அப்படி ஒரு அறிக்கை போனதை வாடிக்கையாளருக்குச் சொல்லக் கூடாது. பெரும்பாலான நாட்டுச் சட்டமும் இதேதான். அதனால சப்போர்ட்ல உட்கார்ந்திருக்கிற பையனுக்குப் பெரும்பாலும் காரணமே தெரியாது, தெரிஞ்சாலும் சொன்னா அவன் மாட்டுவான். பத்து டிக்கெட் போட்டாலும் அதே வரிதான் வரும்.

ரெண்டாவது, எதை வச்சுப் பூட்டுறாங்க? செயினாலிசிஸ், எலிப்டிக், டிஆர்எம் லேப்ஸ் மாதிரி கம்பெனிகளோட மென்பொருள் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு ரிஸ்க் மதிப்பெண் போடும். ஹேக் ஆன காசு, காயின் வந்த தடத்தை மறைக்கிற மிக்ஸர், தடைப்பட்டியல்ல இருக்கிற முகவரி, மோசடிக் கும்பலோட வாலட், இதுல எதுக்கு எவ்வளவு பக்கத்துல இருந்து உங்க காயின் வந்துச்சுன்னு பார்க்கும். நீங்க நல்லவரா கெட்டவரான்னு அதுக்குத் தெரியாது, காயின் வந்த பாதை மட்டும்தான் தெரியும். தம்பி கேஸ்ல இன்னொண்ணும் இருக்கு: பி2பியில அந்த வாங்கினவன் மேல போலீஸ் கடிதம் வந்திருந்தா, அவன்கூட வியாபாரம் பண்ண எல்லாக் கணக்கையும் எக்ஸ்சேஞ்சே நிறுத்தி வச்சுப் பார்க்கும். அந்த நேரத்துல மொத்தத்தையும் வெளிய அனுப்பப் போனா, மென்பொருளுக்கு அது ஓடுற மாதிரித்தான் தெரியும்.

பாலன் அண்ணே, இரட்டைமடி சரிதான். ஆனா வலையே வேணாம்ங்கிறீங்களா? காசைப் பறிகொடுத்தவரும் நம்மள மாதிரி ஒருத்தர்தான். யாரோ ஒருத்தரோட 46,000 உண்மையிலேயே காணாம போயிருக்கு.

மச்சான் அனுப்பின பரிவர்த்தனை ஹாஷை, அதாவது அந்தப் பரிவர்த்தனையோட அடையாள எண்ணை, எனக்குத் தனிச்செய்தியில அனுப்புங்க. அது பொதுவான தகவல்தான், அதை வச்சு யாரும் எடுக்க முடியாது.

[பதிவு நீக்கப்பட்டது] | மே 5, பகல் 1:20

மட்டுறுத்தர் | மே 5, பகல் 1:34

"முடக்கிய பணத்தை 48 மணி நேரத்தில் மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும்" என்று வந்த பதிவை நீக்கியாச்சு. இழை எழுதினவருக்குத் தனிச்செய்தியிலும் இதே கூட்டம் வரும். எக்ஸ்சேஞ்ச் அதிகாரின்னு சொல்லி டெலிகிராமில் வருகிறவரும் இந்த வகைதான். ஒருமுறை ஏமாந்தவர் பட்டியல் அவர்களுக்கு விலைக்குக் கிடைக்குது.

மண்டபம்_தென்கடல் | மே 5, மாலை 4:10

வந்துருச்சு மட்டுறுத்தரே, அதுக்குள்ள மூணு பேரு! ஒருத்தன் ரிசர்வ் பேங்க் முத்திரையோட லெட்டர் அனுப்புறான்.

சாயல்குடி_சரக்கு | மே 5, மாலை 5:45

தம்பி, எதுக்கு இம்புட்டு யோசனை? கருவாடு ஏத்துமதி பண்ண காசுன்னு ஒரு பில்லைப் போட்டு எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துரு. அவன் எங்க வந்து பார்க்கப் போறான்.

பரமக்குடி_வக்கீல் | மே 5, இரவு 8:55

சாயல்குடிக்காரர் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இன்றைக்கு நீங்கள் ஒரு புகாரில் பணம் வந்துபோன கணக்கின் சொந்தக்காரர், அவ்வளவுதான். பொய் பில் கொடுத்த நிமிடம் போலி ஆவணம் தயாரித்தவர் ஆகிவிடுவீர்கள். மச்சான் தர வேண்டிய கடன் என்றால் கடன் என்றே எழுதுங்கள். அதை அன்பளிப்பு என்று மாற்றி எழுதுவதுகூட வேண்டாம்.

இனி சட்டம். வங்கிக் கணக்கை முடக்கும் கடிதம் பெரும்பாலும் பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் வரும். 2024 ஜூலை 1-க்கு முன்னால் அது பழைய சட்டமான சிஆர்பிசி 102. கைப்பற்றிய அதிகாரி அதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. தெரிவித்தார்களா என்பதுதான் விசாரணை அதிகாரியிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எழுத்தில். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், தொகையும் காலமும் சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்கியதை ஏற்காமல், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை இயக்க விடச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு கேரள உயர் நீதிமன்றமும் இதே வழியில் போனது. உங்கள் விண்ணப்பத்தில் கேட்க வேண்டியதும் இதுதான்: 46,000-க்கு லியன் இருக்கட்டும், மீதிக் கணக்கைத் திறந்துவிடுங்கள். "நான் குற்றமற்றவன், எல்லாவற்றையும் விடுங்கள்" என்று ஆரம்பித்தால் வழக்கு முடியும்வரை உட்கார வேண்டியிருக்கும்.

மெயிலில் பி2பி ஆர்டர் விவரம், சாட், காயின் விடுவித்த நேரம், வாங்கியவரின் எக்ஸ்சேஞ்ச் பெயர் எல்லாவற்றையும் இணையுங்கள். விசாரணை அதிகாரிக்கு அது வேண்டிய தகவல், உங்களுக்கு அது சாட்சி. பதில் இல்லையென்றால் அந்த ஊர் மாஜிஸ்திரேட் முன்னால் பிஎன்எஸ்எஸ் 503-இல் மனு போடலாம், அல்லது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. ரிட்டுக்குச் செலவு ஆகும், 46,000-க்காக அதைச் செய்யச் சொல்ல மாட்டேன், மீதி 3 லட்சத்துக்காகச் சொல்வேன்.

நேரில் வரச் சொன்னால் தனியாக ரயில் ஏறாதீர்கள். நோட்டீஸ் எந்தப் பிரிவில் என்று பார்த்துவிட்டு ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

ஏர்வாடி_நண்பன் | மே 5, இரவு 9:30

வக்கீல் சார், கிரிப்டோவும் சொத்துதான்னு போன வருசம் சென்னை ஹைகோர்ட் சொல்லுச்சுல்ல? வாசிர்எக்ஸ்ங்கிற இந்திய எக்ஸ்சேஞ்ச் கேஸ். அதை வச்சு எக்ஸ்சேஞ்ச் மேல போட முடியாதா?

பரமக்குடி_வக்கீல் | மே 5, இரவு 10:12

2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு. கிரிப்டோ ஒரு சொத்து, அதை ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்றார். நல்ல உத்தரவு. ஆனால் அந்த வழக்கின் கதை வேறு. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் ஹேக் ஆகி, எல்லாருடைய கணக்கும் நின்றுபோனது. ஒரு வாடிக்கையாளர் வைத்திருந்த எக்ஸ்ஆர்பி காயின்கள் ஹேக்கில் போனவையே அல்ல, அந்த இழப்பை அவர் தலையில் பங்கு போடக் கூடாது என்பதுதான் வாதம். பணம் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து போயிருந்தது, எதிர்த்தரப்பு இந்திய நிறுவனம்.

இங்கே எக்ஸ்சேஞ்ச் வெளிநாட்டில், ஒப்பந்தத்தில் எந்த நாட்டு நடுவர் மன்றம் என்று போட்டிருக்கிறார்களோ தெரியாமல் பேச முடியாது. முதலில் அது எஃப்ஐயூவில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். 2023 டிசம்பர் 28-இல் 9 வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் போனது, 2025 அக்டோபரில் மேலும் 25-க்கு. பதிவு இருந்தால் இந்தியாவில் பதில் சொல்லப் பொறுப்பான அதிகாரி ஒருவர் இருப்பார், கடிதம் போட ஒரு முகவரி இருக்கும். இல்லையென்றால் சப்போர்ட் டிக்கெட்தான்.

அமலாக்கத் துறை முடக்குவதை இதோடு சேர்க்காதீர்கள். 2022 ஆகஸ்டில் வாசிர்எக்ஸின் 64.67 கோடி வங்கி இருப்பை முடக்கினார்களே, அது நிறுவனத்தின் மேல் வந்த விசாரணை. அடுத்த மாதமே விடுவித்தார்கள்.

செயின்_துப்பு | மே 6, காலை 10:20

தம்பி அனுப்பின ஹாஷைப் பார்த்துட்டேன். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இங்க எழுதுறேன், முகவரி எதையும் போடல.

மச்சான் வாலட்டுக்கு வந்த காயின் எந்த எக்ஸ்சேஞ்ச்ல இருந்தும் வரல. ரொம்ப வேகமா ஏகப்பட்ட பேருக்குக் கொடுத்து வாங்கிற ஒரு தனி வாலட்ல இருந்து வந்திருக்கு. கடையில ரொக்கம் கொடுத்து வாங்கினாரா?

மண்டபம்_தென்கடல் | மே 6, பகல் 12:05

ஆமாண்ணே. ரூம்மேட் சொன்ன ஆளாம். திர்ஹத்தைக் கையில வாங்கிக்கிட்டு அங்கயே காயின் போட்டு விட்ருவாராம். பில்லெல்லாம் கிடையாது.

கீழக்கரை_காக்கா | மே 6, பகல் 12:40

பாத்தீங்களா. இந்தப் பக்கம் முகம் இல்ல, அந்தப் பக்கம் பில் இல்ல. நடுவுல நம்ம பிள்ளை நிக்கிறான். துபாய்ல லைசென்ஸ் வாங்கின இடம் இருக்கு, அதுக்கு "வாரா"ன்னு (VARA) 2022-லயே தனி ஆணையம் வச்சிருக்காக. அங்க வாங்கியிருந்தா ஒரு காகிதமாவது மிஞ்சியிருக்கும்.

செயின்_துப்பு | மே 6, பகல் 1:15

எக்ஸ்சேஞ்ச் கேட்கப் போறது இதைத்தான். நிதி ஆதாரம்னு ஒரு ஃபாரம் வரும். மச்சானோட சம்பள ஸ்லிப், எமிரேட்ஸ் ஐடி, ரொக்கம் எடுத்த நாளுக்கான பேங்க் ஸ்டேட்மென்ட், அதே நாள்ல வாலட்டுக்குக் காயின் வந்த ஹாஷ், உங்க ரெண்டு பேருக்கும் என்ன உறவுன்னு காட்ட ஏதாவது. ரொக்கம் எடுத்ததும் காயின் வந்ததும் ஒரே நாள், தொகையும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னா, பில் இல்லாட்டியும் ஒரு மனுசன் உட்கார்ந்து படிச்சு ஏத்துக்க வாய்ப்பு இருக்கு. மென்பொருள் பூட்டும், திறக்கிறது மனுசன். அவனுக்குப் படிக்கத் தோதா, தேதி வரிசையா, ஒரே பிடிஎஃப்பா கொடுங்க. தனித்தனியா இருபது படம் அனுப்பாதீங்க.

இன்னொண்ணு, வருமான வரி ரிட்டர்ன்ல விடிஏ அட்டவணை, அதான் கிரிப்டோ மாதிரி டிஜிட்டல் சொத்துக்கான பக்கம், போட்டிருக்கீங்களா? வித்த லாபத்துக்கு 30 சதவீதம்.

மண்டபம்_தென்கடல் | மே 6, பகல் 1:22

ராம்நாடு ஆடிட்டர் போன வருசம் போட்டுக் கொடுத்தாரு. நகல் இருக்கு.

செயின்_துப்பு | மே 6, பகல் 1:24

முதல் பக்கமா அதை வைங்க.

மண்டபம்_தென்கடல் | மே 23, இரவு 8:30

கேட்டவகளுக்காக எழுதுறேன். கிளையில எழுதிக் கொடுத்து சீல் வாங்கினதுல ஒப்புகை எண் கிடைச்சுச்சு. விசாரணை அதிகாரிக்கு வக்கீல் சார் சொன்ன மாதிரி மெயில், ஆதாரம் எல்லாம் போட்டேன். மூணாவது மெயிலுக்கு அப்புறம் போன்ல பேசுனாரு, தமிழ் தெரியாது, உச்சிப்புளி அக்காதான் கான்ஃபரன்ஸ்ல இந்தியில பேசுனாக. பணம் கட்டினது ஒரு ரிட்டயர்டு வாத்தியாராம், பார்ட் டைம் வேலைன்னு சொல்லி ஏமாத்தியிருக்கானுக. வாங்குனவன் விவரம் நம்ம சாட்ல இருந்துதான் அவருக்குக் கிடைச்சிருக்கு. பேங்குக்கு லெட்டர் வந்துருச்சு: 46,000 மட்டும் லியன், மீதி திறந்தாச்சு. எஞ்சின் வேலை ஆரம்பிச்சாச்சு.

எக்ஸ்சேஞ்ச் அப்படியேதான் இருக்கு. பிடிஎஃப்பை வாங்கிக்கிட்டு, காயின் வித்த ஆளோட லைசென்ஸ் கேக்குறாக. மச்சான் அந்த ஆளைத் தேடிப் போனா ஆளு ரூமைக் காலி பண்ணிட்டானாம்.

பாம்பன்_பாலன் | மே 23, இரவு 8:52

இல்லாத லைசென்ஸை எங்க போய் வாங்குறது? அபராதம் கட்டின எக்ஸ்சேஞ்சைப் பார்த்து இந்தக் கேள்வியை யாராவது கேட்டாகளா?

பரமக்குடி_வக்கீல் | மே 23, இரவு 9:20

லைசென்ஸ் இல்லை என்பதையே மச்சான் கையெழுத்திட்டு ஒரு வாக்குமூலமாக எழுதி அனுப்பட்டும். ஆள் பெயர், இடம், வாட்ஸ்அப் பேச்சு இருந்தால் அதுவும். ஏற்பார்களா என்று சொல்ல முடியாது. ஏற்காவிட்டால், எந்த விதியின் கீழ் எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று குறைதீர் அதிகாரிக்குத் தனிக் கடிதம். வரைவு நான் போட்டுத் தருகிறேன், வெள்ளிக்கிழமை அழையுங்கள்.

ஏர்வாடி_நண்பன் | மே 24, காலை 7:35

செயின் அண்ணே, எனக்கு எக்ஸ்சேஞ்ச்ல பிரச்சினை இல்ல, என் சொந்த வாலட்லயே யூஎஸ்டிடி நகர மாட்டேங்குது. இதுக்கும் இதே ஃபாரமா?

செயின்_துப்பு | மே 24, காலை 9:10

அது வேற. முதல்ல டிரான் கட்டணத்துக்கு டிஆர்எக்ஸ் காயின் இருக்கான்னு பாருங்க, பாதிப் பேருக்கு அதுதான் காரணம். அது இருந்தும் நகரலைன்னா யூஎஸ்டிடியை வெளியிடுற டெதர் கம்பெனியே அந்த முகவரியைக் கறுப்புப் பட்டியல்ல போட்டிருக்கலாம். காயினோட நிரல்லயே அந்த வசதி இருக்கு, சொந்த வாலட்டா இருந்தாலும் தப்ப முடியாது. தனி இழை போடுங்க, முகவரி மட்டும் போதும். வாலட்டைத் திறக்கிற ரகசிய விதைச்சொல்லை யார் கேட்டாலும் கொடுத்துறாதீங்க, நான் கேட்டாலும்.